மடக்குக் கத்தி ஆடுகிறதா? திருகைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான்: மடக்குக் கத்தியை விரித்தால் அலகு ஆடுகிறது. திருகை இறுக்கினால் கத்தி விரியவே மறுக்கிறது. கொஞ்சம் தளர்த்தினால் சில நாளில் பழையபடி ஆட ஆரம்பித்துவிடுகிறது. இதை ஒரேயடியாகச் சரிசெய்ய முடியுமா? மறுபடி வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

முடியும். பெரும்பாலான கத்திகளுக்குப் பொருத்தமான ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஒரு சொட்டு திருகுப் பசையும் போதும். ஆனால் ஆட்டம் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் இரண்டு மூன்று வெவ்வேறு கோளாறுகள். அவற்றில் ஒன்றுக்கு மட்டும்தான் கீல் திருகை, அதாவது அலகு சுழலும் அச்சிலுள்ள திருகை, இறுக்குவது மருந்து. மற்றவற்றுக்கு அதை இறுக்கினால் கோளாறு அப்படியே இருக்கும், கத்தி மட்டும் முரடாகும். அதனால் எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஒரு நிமிட வேலைதான்.

அலகின் கூரான பக்கத்தைத் தடிமனான டேப்பால் சுற்றி மூடிவிடுங்கள். கத்தியை முழுக்க விரித்து, பூட்டு உள்ள கத்தியானால் பூட்டு விழுந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கையால் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, இன்னொரு கையால் அலகின் முதுகுப் பக்கத்தைப் பிடித்து முதலில் இடதும் வலதுமாக மெல்ல அசையுங்கள். அப்புறம் மேலும் கீழுமாக, அதாவது கத்தி மடங்குகிற திசையிலும் அதற்கு எதிர்த்திசையிலும் அசையுங்கள். மடங்குகிற திசையில் தள்ளும்போது அலகு மடங்கும் பாதையில் விரல் இருக்கக் கூடாது. இடவலமாக ஆடினால் கோளாறு கீலில். மேலும் கீழும் ஆடினால் பூட்டிலோ, அலகு விரியும்போது மோதி நிற்கிற தடுப்பு ஆணியிலோ. இரண்டும் சேர்ந்து ஆடினால் முதலில் கீலைச் சரிசெய்துவிட்டு, மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று திரும்பப் பாருங்கள்.

முனை ஆடுவதைப் பார்த்து யாரும் பயந்துவிட வேண்டாம். கீலில் இருக்கிற சின்ன இடைவெளி முனையில் பல மடங்காகத் தெரியும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: அலகின் அடிப்பகுதி 10 மி.மீ. அகலமுள்ள வாஷரில் உட்கார்ந்திருக்கிறது, அங்கே 0.05 மி.மீ. இடைவெளி விழுந்துவிட்டது என்று வையுங்கள். கீலிலிருந்து 80 மி.மீ. தள்ளி இருக்கிற முனையில் அது 0.4 மி.மீ. அசைவாகிவிடும். ஒரு தலைமுடியின் தடிமனே இல்லாத இடைவெளி கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற ஆட்டமாகிறது. இதையே திருப்பி யோசித்தால், சரிசெய்ய வேண்டிய அளவும் அவ்வளவு சின்னதுதான். 3 மி.மீ. சாதாரண மரைத் திருகு ஒரு முழுச் சுற்றுக்கு அரை மி.மீ. நகரும். எட்டில் ஒரு சுற்று என்றால் சுமார் 0.06 மி.மீ. அதாவது கீல் திருகில் உங்களுக்கு வேண்டிய திருப்பம் அநேகமாக எட்டில் ஒரு சுற்றுக்குள்தான் இருக்கும். அரைச் சுற்று, ஒரு சுற்று என்று முறுக்குவதால்தான் "இறுக்கினால் விரியவில்லை, விட்டால் ஆடுகிறது" என்ற இழுபறி வருகிறது.

கீல் திருகு உள்ள கத்திகள்

இன்றைய மடக்குக் கத்திகளில் பல இந்த இனத்தில்தான் அடங்கும். திருகைத் தொடுவதற்கு முன் கீலைச் சுத்தம் செய்யுங்கள். வாஷருக்கும் அலகுக்கும் நடுவே மணலோ பாக்கெட் பஞ்சோ புகுந்திருந்தால், அலகு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அந்த நிலையில் நீங்கள் வைக்கிற இறுக்கம், அழுக்கு வெளியேறியதும் பொய்யாகிவிடும். வெதுவெதுப்பான சோப்பு நீரில் விரித்து மடக்கிக் கழுவி, நன்றாக உலர விடுங்கள். பிசுக்கு அதிகமாக இருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவுங்கள். அதற்குப் பிறகும் ஆடினால்தான் திருகு.

கீல் திருகுகளில் பெரும்பாலானவை டார்க்ஸ் தலை, ஆறு முனை நட்சத்திரப் பள்ளம். சின்னக் கத்திகளில் டி6, நடுத்தரத்தில் டி8, பெரியவற்றில் டி10 வரும். டி6-க்கும் டி8-க்கும் அளவு வித்தியாசம் அரை மி.மீ. கொஞ்சம் மேல்தான் (1.7 மி.மீ.க்கு எதிராக 2.3 மி.மீ.). அதனால் சின்ன முனையைப் பெரிய பள்ளத்தில் வைத்தாலும் ஓரளவு பிடிக்கிற மாதிரித் தெரியும். ஏமாந்துவிடாதீர்கள். அழுத்தித் திருப்பியதும் நட்சத்திரத்தின் முனைகள் மழுங்கி, பள்ளம் வட்டமாகிவிடும். ஆலன் சாவியைச் சொருகித் திருப்புவதும் இதே அழிவுதான். இந்த வேலைக்கு நான் வலியுறுத்துகிற ஒரே செலவு நல்ல எஃகில் செய்த சரியான அளவு டார்க்ஸ் முனை. மலிவான முனைகள் தாங்களும் முறுக்கிக்கொண்டு திருகையும் கெடுக்கும். பள்ளத்தில் அழுக்கு அடைந்திருந்தால் ஊசியால் சுரண்டி எடுத்த பிறகே முனையை வையுங்கள், ஆழமாக உட்கார வேண்டும்.

இப்போது அலகைப் பாதி விரித்த நிலையில் வைத்து, திருகை எட்டில் ஒரு பங்கு வலமாகத் திருப்புங்கள். விரித்து மடக்குங்கள். இடவலமாக அசைத்துப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னும் அதில் பாதி. சரியான இடம் எது என்றால், விரலால் அசைத்தால் ஆட்டம் தெரியக் கூடாது, கட்டைவிரலால் தள்ளினால் தடை தெரியக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி குறுகலானது, பொறுமையாகத் தேடினால் கிடைக்கும். மடக்கிய நிலையில் அலகு இரண்டு உள்தகடுகளுக்கும் (கைப்பிடிக்குள் இருபுறமும் இருக்கிற தகடுகள்) நடுவில் நிற்கிறதா என்றும் பாருங்கள். ஒரு பக்கம் உரசினால் கீல் திருகு மட்டுமல்ல, கைப்பிடித் திருகுகளின் இறுக்கமும் சமமில்லாமல் இருக்கலாம். அவற்றைத் தளர்த்தி, அலகை நடுவில் வைத்து மாற்றி மாற்றி இறுக்கினால் சீராகும்.

சில கத்திகளில் ஒரு பக்கத் திருகைத் திருப்பினால் மறுபக்கமும் சேர்ந்து சுழலும், எதுவும் இறுகாது. கீல் இரண்டு துண்டு: ஒன்று உள்ளே மரை வெட்டிய குழாய், இன்னொன்று அதில் போகிற திருகு. குழாயின் ஒரு பக்கம் தட்டையாக இருந்தால் அது உள்தகட்டின் ஓட்டையில் பிடித்துக்கொண்டு சுழலாமல் நிற்கும். உருண்டையாக இருந்தால் நிற்காது. அப்போது இரண்டு பக்கமும் இரண்டு ஸ்க்ரூடிரைவர் வைத்துத்தான் திருப்ப வேண்டும். ஒரு பக்கத் தலையில் பள்ளமே இல்லையென்றால், அந்தத் தலையை ஒரு ரப்பர் துண்டின் மேல் அழுத்திப் பிடித்துத் திருப்பினால் பல நேரம் பிடித்துக்கொள்ளும்.

திரும்பத் திரும்ப ஏன் தளர்கிறது?

அலகு சுழலும் ஒவ்வொரு முறையும் உராய்வு கீல் குழாயையும் கொஞ்சம் தன்னோடு இழுக்கிறது. உருண்டைக் குழாய் அந்த இழுப்பில் மயிரிழை மயிரிழையாகத் திரும்பி, திருகிலிருந்து கழன்று வருகிறது. வேகமாக விரிக்கும்போது தடுப்பு ஆணியில் விழுகிற அடி அந்தத் தளர்வை விரைவாக்கும். தட்டைப் பக்கம் உள்ள குழாயில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. புதிதாக வாங்குகிறவர்கள் இதைக் கவனித்து வாங்கலாம்.

புதுக் கத்திக்கு இன்னொரு காரணமும் உண்டு. வாஷர்கள் பாஸ்பர் வெண்கலத்திலோ டெஃப்ளானிலோ நைலானிலோ இருக்கும். வெண்கல வாஷர் முதல் சில வாரங்களில் தேய்ந்து பளபளப்பாகி, உட்காரும் இடத்தில் படியும். டெஃப்ளான், நைலான் போன்றவை தொடர்ந்து அழுத்தம் பட்டால் மெதுவாகப் பிதுங்கி மெலியும் சுபாவம் உள்ளவை. இரண்டிலும் முதல் மாதத்தில் கொஞ்சம் இடைவெளி விழுவது இயல்பு. அப்போது ஒரு முறை இறுக்கிப் பசை வைத்தால் நீண்ட நாள் தொந்தரவு இருக்காது. குண்டு பேரிங் உள்ள கத்திகளில் இந்தப் படிதல் குறைவு. ஆனால் அங்கே அதிகமாக இறுக்கினால் குண்டுகள் உள்தகட்டில் பள்ளம் போடும், பிறகு விரிக்கும்போது மணல் உரசுவது போல் தோன்றும். அந்தக் கத்திகளில் கை இன்னும் லேசாக இருக்க வேண்டும்.

திருகுப் பசை பற்றி

த்ரெட்லாக்கர் என்ற பெயரில் கிடைக்கும் இந்தப் பசை ஒரு வினோதமான திரவம். காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும் வரை உறையாது. காற்றில்லாத இடுக்கில், உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதுதான் உறையும். அதனால்தான் குப்பியில் திரவமாக இருப்பது மரைக்குள் போனதும் கெட்டியாகிறது. லாக்டைட் என்ற பிராண்டின் வகைகளில் ஊதா நிற 222 மென்மையானது, சின்னத் திருகுகளுக்கும் அடிக்கடி சரிசெய்ய வேண்டிய திருகுகளுக்கும் ஏற்றது. நீல நிற 243 நடுத்தரம், கைக்கருவியால் கழற்றிவிடலாம். சிவப்பு நிற 271-ஐக் கத்திக்குப் போடவே போடாதீர்கள். அதைக் கழற்ற சுமார் 250 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் நைலான் வாஷர் கெடும், பிளாஸ்டிக் கைப்பிடி உருகும், சாதாரணக் கார்பன் எஃகு அலகாக இருந்தால் பதமும் இறங்கும்.

டி6 அளவுச் சின்னத் திருகுகளுக்கு 222 போதும் என்பது என் கருத்து. கீல் திருகு பெரிதாக இருந்து, தொடர்ந்து கழன்றுகொண்டே வந்தால் 243. நீலம்தான் எல்லாவற்றுக்கும் என்று பலர் சொல்வார்கள். ஆனால் மெல்லிய தலையுள்ள சின்னத் திருகில் நீலம் போட்டுவிட்டு, பிறகு கழற்றும்போது நட்சத்திரப் பள்ளம் வழுக்குவது அடிக்கடி நடக்கிற விஷயம்.

வைக்கிற முறைதான் முக்கியம். திருகை வெளியே எடுங்கள். திருகின் மரையையும் குழாயின் உள் மரையையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் காய விடுங்கள். பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒரு துளி எடுத்துத் திருகின் நுனியிலுள்ள இரண்டு மூன்று மரையில் மட்டும் தடவுங்கள். குப்பியிலிருந்து நேராகச் சொட்ட விட்டால் அது வழிந்து வாஷருக்குள் போகும். அங்கேயும் காற்றில்லாத உலோக இடுக்குதான், அங்கேயும் உறைந்து அலகையே ஒட்டிவிடும். அப்படி நடக்காமல் இருக்க, வாஷர் பகுதியில் முன்கூட்டியே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வைப்பது நல்ல காப்பு. எண்ணெய் இருக்கிற இடத்தில் பசை சரியாகப் பிடிக்காது.

திருகை உள்ளே செலுத்தி, மேலே சொன்ன சரியான இடத்தில் நிறுத்துங்கள். இதற்கு உங்களுக்கு ஐந்து பத்து நிமிடம் கிடைக்கும், அவசரப்பட வேண்டாம். நிறுத்திய பிறகு அலகை நான்கைந்து முறை விரித்து மடக்கிச் சோதித்துவிட்டு, அப்படியே 24 மணி நேரம் வைத்துவிடுங்கள். துருப்பிடிக்காத எஃகிலும் டைட்டானியத்திலும் இந்தப் பசை மெதுவாக உறையும், அதனால் சீக்கிரமாக எடுத்து உபயோகித்தால் வைத்ததே வீண். பசை பாலிகார்பனேட், ஏபிஎஸ் போன்ற பிளாஸ்டிக்கில் பட்டால் வெடிப்பு விடக்கூடும். பிளாஸ்டிக் கைப்பிடியில் வழிந்தால் உடனே துடைத்துவிடுங்கள்.

நகப்பூச்சு வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அவசரத்துக்கு வைக்கலாம், கொஞ்ச நாள் தாங்கும். உடனடியாக ஒட்டும் சூப்பர் பசையை மட்டும் வைக்கவே கூடாது. அது தண்ணீர் மாதிரி ஓடி இடுக்கெல்லாம் புகுந்து, பிறகு கழற்ற நினைக்கும்போது திருகின் தலை உடையும்.

ஏற்கெனவே யாரோ பலமான பசை போட்ட திருகு அசையவே மாட்டேன் என்றால், பலத்தைக் கூட்டாதீர்கள். சூடான சால்டரிங் அயர்ன் முனையைத் திருகின் தலையில் மட்டும் அரை நிமிடம் வைத்து, உடனே டார்க்ஸ் முனையை நேராக அழுத்தித் திருப்புங்கள். தீயில் காட்டாதீர்கள்.

முழுக்க இறுக்கியும் ஆடினால்

திருகு இனி திரும்பாது என்கிற வரை இறுக்கியாகிவிட்டது, அலகும் தாராளமாகச் சுழல்கிறது, ஆனாலும் இடவலமாக ஆட்டம் இருக்கிறது. இது கொஞ்சம் குழப்பமானது, ஆனால் காரணம் எளிது. கீல் குழாயின் நீளம், அலகும் வாஷர்களும் உள்தகடுகளும் சேர்ந்த தடிமனைவிட அதிகமாகிவிட்டது. திருகின் தலை குழாயின் முகத்தில் இடித்து நின்றுவிடுகிறது, உள்தகடுகளை நெருக்க முடிவதில்லை. வாஷர் தேய்ந்து மெலிந்தால் இப்படி ஆகும். புது வாஷர் போட்டாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். சரியான தடிமனில் கிடைக்கவில்லையென்றால் 0.05 மி.மீ. பித்தளைத் தகட்டிலிருந்து ஒரு வளையம் வெட்டி வாஷரோடு சேர்த்துப் போடலாம். குழாயின் நீளத்தைக் குறைப்பது இன்னொரு வழி: கண்ணாடித் துண்டின் மேல் நுண்ணிய உப்புத்தாளை விரித்து, குழாயைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு தேய்ப்பு தேய்த்து, பொருத்திப் பார்த்து, மறுபடி தேய்ப்பது. எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது என்பதால் நான் எப்போதும் வாஷர் வழியைத்தான் முதலில் சொல்வேன். சில விலை உயர்ந்த கத்திகளில் வேண்டுமென்றே குழாயை அளவாகச் செய்து, திருகை முழுக்க இறுக்கினாலும் அலகு சுதந்திரமாகச் சுழலும்படி அமைத்திருப்பார்கள். அவற்றைத் தேய்க்கத் தேவையே வராது. அங்கே ஆட்டம் வந்தால் திருகு முழுக்க இறுகவில்லை என்றோ வாஷர் தேய்ந்தது என்றோதான் அர்த்தம்.

அதற்கு நேர்மாறாக, இறுக்கினால் கத்தி கல்லாகிறது, ஆனாலும் ஆட்டம் முழுதும் போகவில்லை என்றால் அலகின் கீல் ஓட்டை தேய்ந்து நீள்வட்டமாகியிருக்கலாம், அல்லது வாஷர் வளைந்திருக்கலாம். கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். கழற்றும்போது ஒரு வெள்ளைத் துணியின் மேல் செய்யுங்கள், ஒவ்வொரு அடுக்கையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாஷர் அலகோடு ஒட்டிக்கொண்டு வந்து கீழே விழுந்து காணாமல் போவது வழக்கம். ஓட்டை நீள்வட்டமானால் அதைச் சுத்தமான வட்டமாகப் பெரிதாக்கி, பெரிய குழாய் போடுவது கத்தி செய்பவரின் வேலை. கழற்றினால் உத்தரவாதம் போய்விடும் என்று சில தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். புதுக் கத்தியாக இருந்தால் அதைப் பார்த்துவிட்டுத் திறவுங்கள்.

ரிவெட் அடித்த கத்திகள்

பழைய பாணி மடக்குக் கத்திகளிலும் பல கருவிக் கத்திகளிலும் திருகே கிடையாது. பித்தளையிலோ எஃகிலோ ஒரு ஆணி குறுக்கே போய், இரு முனையும் அடித்துப் பரப்பப்பட்டிருக்கும். இதில் இடவல ஆட்டம் வந்தால் ஆணித் தலையை மறுபடி பரப்ப வேண்டும். கனமான ஒரு இரும்புக் கட்டையின் மேல் ஆணியின் ஒரு முனையைச் சரியாக உட்கார வைத்து, மறுமுனையைச் சின்ன உருண்டைத் தலைச் சுத்தியலால் தட்டுங்கள். நடுவில் அல்ல, விளிம்பைச் சுற்றி. ஓங்கி அடிக்கவே கூடாது, தட்டுவது காதுக்குக் கேட்டால் போதும் என்கிற அளவு. நான்கு தட்டு, அலகை அசைத்துப் பார்ப்பது, பிறகு கத்தியைத் திருப்பி மறுபக்கம் நான்கு தட்டு. அலகுக்கும் உள்தகட்டுக்கும் நடுவே எண்ணெய் தடவிய மெல்லிய தகட்டுத் துண்டு ஒன்றைச் செருகிக்கொண்டு தட்டினால், வேலை முடிந்து அதை உருவும்போது அலகு சுழல்வதற்குத் தேவையான இடைவெளி மிஞ்சும். திருகை ஒரு நொடியில் தளர்த்தலாம், அதிகமாகப் பரப்பிய ஆணியைத் தளர்த்துவது அப்படி எளிதல்ல. அதனால் கொஞ்சம் குறைவாகவே நிறுத்துவது புத்திசாலித்தனம்.

ஆணித் தலை உலோகப் பட்டையில் உட்கார்ந்திருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். கொம்பு, எலும்பு, மரம் இவற்றின் மேல் நேராக உட்கார்ந்திருந்தால் தட்டுகிற அதிர்வில் வெடித்துவிடும். விக்டோரினாக்ஸ் மாதிரி பிளாஸ்டிக் மேலோடு உள்ளவற்றில் ஆணித் தலைகள் மேலோட்டுக்குள் மறைந்திருக்கும், மேலிருந்து தட்டிப் பயனில்லை. மேலோட்டைக் கழற்றி, ஆணித் தலைகளை வைஸில் மெதுவாக நெருக்குபவர்கள் உண்டு, ஆனால் பழக்கமில்லாதவர்கள் தயாரிப்பாளரின் பழுது சேவைக்கு அனுப்புவதே மேல். பூட்டில்லாமல் ஸ்ப்ரிங் மட்டும் தாங்கும் கத்திகளில் அலகை மடக்கும் திசையில் தள்ளினால் கொஞ்சம் அசையத்தான் செய்யும். அது ஸ்ப்ரிங்கின் இயல்பு, கோளாறு அல்ல.

ஓப்பினெல் என்ற பிரெஞ்சு மடக்குக் கத்தி தனி வகை. மரக் கைப்பிடியிலும் அதைச் சுற்றிய உலோக வளையத்திலும் ரிவெட் போய், 1955-இல் சேர்த்த சுழல் வளையம் அலகைப் பூட்டுகிறது. ஈரத்தில் மரம் ஊதி அலகு இறுகும், வறண்ட பருவத்தில் சுருங்கித் தளரும். இதில் பருவத்தோடு வந்து போகிற ஆட்டத்துக்காக ரிவெட்டைத் தட்டாதீர்கள். கைப்பிடியின் பிளவுக்குள் ஆளி விதை எண்ணெய் ஊற விட்டு நன்றாகக் காய வைத்தால் மரம் ஈரம் குடிப்பது குறையும், ஏற்ற இறக்கமும் குறையும். சுழல் வளையம் தளர்ந்து தானாகச் சுற்றினால், வளையத்தைக் கழற்றிக் குறட்டால் லேசாக நெருக்கிப் போடலாம்.

மேலும் கீழும் ஆடினால்

இதைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கிறேன், ஏனென்றால் இங்கே பேச்சு விரலைப் பற்றியது. இடவல ஆட்டம் வேலையைக் கெடுக்கும். மேல்கீழ் ஆட்டத்தில் பூட்டே சந்தேகத்துக்கு உரியது.

முதலில் எளியதைப் பாருங்கள். அலகு விரியும்போது மோதி நிற்கிற தடுப்பு ஆணி, கைப்பிடித் திருகுகள் தளர்ந்திருந்தால் தன் இடத்திலேயே அசையும். எல்லாக் கைப்பிடித் திருகுகளையும் இறுக்கிவிட்டுச் சோதியுங்கள். முதுகுப் பூட்டு உள்ள கத்திகளில், அதாவது கைப்பிடியின் முதுகை அழுத்தினால் திறக்கிற வகையில், அலகின் அடிப் பள்ளத்தில் பஞ்சும் பிசுக்கும் சேர்ந்தால் பூட்டின் கொக்கி முழு ஆழத்துக்கு இறங்காது. பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்தால் ஆட்டம் அதோடு போய்விடும். அந்த வகையில் நன்றாக இருக்கிற கத்தியிலும் அழுத்திப் பார்த்தால் மயிரிழை அசைவு தெரிவதுண்டு. அது நாளாக ஆகக் கூடுகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

உள்தகடே வளைந்து வந்து அலகின் பின்புறத்தைத் தாங்குகிற லைனர் லாக், ஃப்ரேம் லாக் வகைகளில், விரித்த நிலையில் பின்பக்கமிருந்து பாருங்கள். பூட்டுத் தகடு அலகின் அடித் தடிமனில் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது? புதுக் கத்தியில் கால் பங்கிலிருந்து பாதிக்குள் இருக்கும். தேயத் தேய அது உள்ளே நகர்ந்து, கடைசியில் எதிர்ப்பக்க உள்தகட்டைத் தொட்டுவிடும். அதற்கு மேல் நகர இடமில்லை, அங்கிருந்துதான் மேல்கீழ் ஆட்டம் ஆரம்பிக்கும். பூட்டு எங்கே படுகிறது என்று தெரிய, அலகின் அடி முகத்தில் மார்க்கர் பேனாவால் மை தடவி நான்கைந்து முறை விரித்து மடக்குங்கள். மை அழிந்த இடம்தான் தாங்கும் இடம். ஒரு ஓரத்தில் புள்ளியாக மட்டும் அழிந்திருந்தால் பூட்டு சரியாக உட்காரவில்லை. அங்கே எண்ணெய் இருந்தால் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். கீலுக்கு எண்ணெய் நல்லது, பூட்டு முகத்துக்கு வேண்டாம்.

தேய்ந்த பூட்டுக்குச் சற்றே பெரிய தடுப்பு ஆணி போட்டு அலகை முன்னே தள்ளுவது ஒரு முறையான பழுது. ஃப்ரேம் லாக் சிலவற்றில் பூட்டு நுனியில் மாற்றக்கூடிய எஃகுத் துண்டு இருக்கும், அதை மாற்றலாம். இரண்டும் தயாரிப்பாளரோ தேர்ந்த கத்திக்காரரோ செய்ய வேண்டியவை. பூட்டுத் தகட்டை வளைப்பது, அதன் முகத்தை அரத்தால் ராவுவது இவற்றை வீட்டில் செய்யாதீர்கள். அரம் எடுக்கிற ஒவ்வொரு துகளும் பூட்டை இன்னும் குட்டையாக்கும். முதுகை மேசையில் அடித்துப் பூட்டைச் "சோதிக்கும்" பழக்கமும் வேண்டாம், அந்த அடியே பூட்டு முகத்தை நசுக்கும். விரித்த கத்தியின் முதுகைக் கையால் மிதமாக அழுத்தும்போதே பூட்டு வழுக்கினால், அந்தக் கத்தி பழுது பார்க்கும் வரை உபயோகத்தில் இருக்கவே கூடாது.

மறுபடி வராமல் இருக்க

மடக்குக் கத்தியின் பலம் முழுவதும் வெட்டுகிற திசையில். பக்கவாட்டில் அது ஒரு திருகையும் இரண்டு மெல்லிய வாஷரையும் நம்பி நிற்கிறது. டப்பா மூடியை நெம்புவது, ஆணி பிடுங்குவது, மரத்தில் செருகிவிட்டு முறுக்கி எடுப்பது, முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளப்பது இவைதான் கீலைக் கெடுப்பவை. நீளமான அலகால் நெம்பும்போது முனையில் கொடுக்கிற பலம் கீலில் எட்டு மடங்காக விழும், முனையில் பார்த்த அதே கணக்குதான் இங்கே தலைகீழாக வேலை செய்கிறது. ஆழமாகப் பதிந்த கத்தியை எடுக்க, வெட்டிய கோட்டிலேயே முன்னும் பின்னும் இழுத்து எடுங்கள், திருகி எடுக்காதீர்கள்.

மணிக்கட்டை வீசிக் கத்தியை "டக்" என்று விரிப்பது பார்க்க அழகாக இருக்கும். ஒவ்வொரு வீச்சிலும் தடுப்பு ஆணியும் பூட்டும் அடி வாங்குகின்றன, திருகும் கழல்கிறது. கட்டைவிரலால் விரித்தால் அதே கத்தி பல வருடம் கூடுதலாக நிற்கும்.

எண்ணெய் ஒரு சொட்டு, அவ்வளவுதான். உணவு வெட்டுகிற கத்திக்கு மணமற்ற மினரல் எண்ணெய் நல்லது. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் போன்ற சமையல் எண்ணெய் வேண்டாம், நாளாகக் கெட்டுப் பிசினாகி அழுக்கைப் பிடித்துவைத்துக்கொள்ளும். டபிள்யூடி-40 அழுக்கைக் கழுவ நன்றாக உதவும், ஆனால் நீடித்து நிற்கும் உயவாக அது போதாது. அதைத் தெளித்தால் துடைத்துவிட்டு எண்ணெய் விடுங்கள், திருகில் வைத்த பசையின் பக்கம் ஊற விடாதீர்கள். எண்ணெய் விட்ட பிறகு வெளியே கசிந்ததைத் துடைப்பதும் முக்கியம், கசிந்த எண்ணெயில்தான் பாக்கெட் தூசி ஒட்டுகிறது. மணலில் விழுந்த கத்தியைக் கழுவாமல் விரித்து மடக்காதீர்கள், வாஷருக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. புளிப்பும் உப்பும் உள்ளதை வெட்டினால் கீல் வரை கழுவி, விரித்த நிலையிலேயே உலர விட்டு மடக்குங்கள்.

கத்தியைக் கூர்தீட்டும் ஒவ்வொரு முறையும், தீட்ட ஆரம்பிப்பதற்கு முன் முதுகைப் பிடித்து ஒரு தரம் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தொடங்கும்போதே பிடித்தால் எட்டில் ஒரு சுற்றோடு முடிகிற வேலை, வாஷர் தேயும் வரை விட்டால் பிரித்து அடுக்குகிற வேலையாகிவிடும்.